பிளஸ் டூ முடித்துப் பாலிடெக்னிக் போனவள்

என் மகள் பிளஸ் டூ முடித்த வருடமும் நான் குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் கிளார்க்தான். இன்றும் அதே நாற்காலிதான். வீடு அஸ்தினாபுரத்தில். அவளுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. மார்க் நன்றாகவே வந்திருந்தது, ஆனால் அரசுக் கல்லூரிக்கு எட்டவில்லை. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இடம் இருந்தது. கட்டணத்தைக் கேட்டதும் கல்விக் கடன் வாங்கிவிடலாம் என்றாள் என் மனைவி. எல்லோரும் அப்படித்தானே படிக்க வைக்கிறார்கள் என்று நானும் தலையாட்டினேன்.

மகளை அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் ஒரு வங்கிக்குப் போனேன். மேனேஜர் பொறுமையாக எல்லாம் விளக்கினார். தொகை பெரியது என்பதால் வீட்டுப் பத்திரம் வேண்டும் என்றார். தருகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மகள் கேட்டாள்:

“படிச்சு முடிச்சு வேலை கிடைக்கலன்னா யார் சார் கட்டணும்?”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். “ரெண்டு பேரும் சேர்ந்துதானே கையெழுத்துப் போடறீங்க. உன்னால முடியலன்னா அப்பாதான்மா கட்டணும்.”

யோசித்துவிட்டு வருகிறோம் என்று அவளே சொல்லி எழுந்துவிட்டாள்.

அடுத்த சில நாட்களில் எங்களிடம் சொல்லாமலே நகரத்தில் ஓர் அரசு பாலிடெக்னிக்குக்குப் போய் விசாரித்து வந்திருக்கிறாள். பிளஸ் டூ முடித்தவர்கள் அங்கே நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமா. அதில் நல்ல மார்க் வாங்கினால் பிறகு தனிக் கவுன்சிலிங் மூலம் அரசுக் கல்லூரியிலேயே பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம். மொத்தத்தில் ஒரு வருடம் கூடுதலாகும், ஆனால் கட்டணம் குறைவு, கடன் வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னாள். பத்தாவது முடித்தவர்கள் போகிற இடத்துக்கு இவள் ஏன் போக வேண்டும் என்று என் மனைவி அழுதாள். நான் அழவில்லை. ஆனால் எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது.

அவள் சேர்ந்த முதல் வாரம் ஒருநாள் பள்ளி வேலையாக நானும் நகரத்துக்குப் போக வேண்டியிருந்ததால், இருவரும் ஒரே மின்சார ரயிலில் போக நேர்ந்தது. சிட்லபாக்கத்துக்காரர் ஒருவர், பழைய பழக்கம், எதிரில் வந்து உட்கார்ந்தார். பொண்ணு என்ன படிக்குது என்று கேட்டார். வாயில் தானாக வந்தது: “இன்ஜினியரிங் சார்.”

“பாலிடெக்னிக் அங்கிள், டிப்ளமா மெக்கானிக்கல்” என்றாள் மகள். குரலில் கோபமில்லை, கூச்சமுமில்லை. அவர் அப்படியா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “மறைக்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்லப்பா.”

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

வொர்க்‌ஷாப் தொடங்கியதும் அவள் உள்ளங்கையில் கொப்புளங்கள் வந்தன. இரும்புத் துண்டை வைஸ் இடுக்கியில் பிடித்து, அரத்தால் மணிக்கணக்கில் ராவ வேண்டுமாம். என் மனைவி தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். இரண்டு மாதத்தில் அந்த இடமெல்லாம் காய்த்துப் போயிற்று.

பெற்றோர் கூட்டத்துக்குப் போன அன்றுதான் அவளை வேறு ஆளாகப் பார்த்தேன். காக்கிக் கோட்டும் இறுக்கி முடிந்த கொண்டையுமாக லேத் முன்னால் நின்றிருந்தாள். சுழலும் இரும்பிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் உரிந்து விழுந்தது. நான் நிற்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. வகுப்பில் அவளைத் தவிர இருந்த ஒரே பெண் என்னிடம் வந்து பேசினாள். கடற்கரைக் குப்பத்துப் பெண், அம்மா மீன் விற்கிறவர். பத்தாவது முடித்து வந்தவள், இவளைவிட ஒரு வயது சின்னவள்.

“அக்காதான் அங்கிள் டெய்லி மேத்ஸ் சொல்லிக் குடுக்குது. அது இல்லன்னா எனக்குப் பேஜாராயிருக்கும்.”

மதியம் சாப்பிட்ட பிறகு காலி வகுப்பறையில் ஏழெட்டுப் பேருக்கு அவள் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டிப்ளமாவை நல்ல மார்க்கோடு முடித்தாள். கவுன்சிலிங்கில், முன்பு எட்டாத அரசுக் கல்லூரி ஒன்றிலேயே இடம் கிடைத்தது. எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் முதல் வருடத்தில் படித்த கணிதம் இவளுக்குப் புதிது. முதல் செமஸ்டரில் அதிலேயே ஃபெயில். ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு அது பெரிய அடி. ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் காலை முதல் வருடப் புத்தகத்தை யாரிடமோ இரவல் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து போட ஆரம்பித்தாள். அடுத்த முறை பாஸ் செய்தாள். பிறகு எதிலும் தவறவில்லை.

கடைசி வருடம் மறைமலை நகர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து இன்டர்வியூவுக்கு வந்தார்கள். பிளஸ் டூ முடித்த பிறகு ஏன் டிப்ளமாவுக்குப் போனாய் என்று கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அவள் சொன்னபோது, மெஷின் மேல் ஆர்வம் என்று ஏதாவது சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

“கடன் வாங்க வேணாம்னுதான் சார் போனேன், போனப்புறம் பிடிச்சுப் போச்சுன்னு சொன்னேன்ப்பா” என்றாள்.

அந்தப் பதிலுக்குப் பிறகு ஒருவர் அவளை மெஷின்கள் பற்றியே அரைமணி நேரம் கேட்டாராம். மறுவாரம் வேலைக்கான கடிதம் வந்தது. அதை முதலில் படித்துப் பார்த்தது என் மனைவிதான். படித்துவிட்டு மகளின் காய்த்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.