ஆலைகள் மூடியிருக்கும் வாரம்

ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவளுக்கு வேலை. ஆண்டுக் கடைசி வாரத்தில் ஆலைகள் கதவைச் சாத்தி, ஆட்கள் பெட்டியும் பையுமாகக் கிளம்பிப் போன பிறகுதான் எடை இயந்திரங்கள் சும்மா நிற்கும். அப்போதுதான் அவற்றைக் கழற்றித் துடைத்து, எடைக்கல்லை ஏற்றிப் பார்த்து, கிராம் பிசகாமல் சரிசெய்ய முடியும். ஓடுகிற இயந்திரத்தை மற்ற நாளில் எந்த ஆலைக்காரர் நிறுத்துவார்? அந்த ஒரு வாரத்துக்காகப் பத்தொன்பது ஆலைகளும் கிடங்குகளும் அவர்கள் பட்டறையைக் கூப்பிடும்.

கூப்பிடும் என்பது கொஞ்சம் பொய். கூப்பிட வைக்க வேண்டும். அதைத்தான் அவள் இருபத்திரண்டு வருடமாகச் செய்துவந்தாள். நீள நோட்டு ஒன்றில் ஆலைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். எந்த மேலாளர் திங்கட்கிழமை கடுகடுவென்று இருப்பார், எவர் சாப்பிட்ட பிறகு பேசினால் சரி என்று சொல்வார், எவர் லீவுக்கு ஒரு வாரம் முன்பே மனசளவில் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார் என்றெல்லாம் அதில் இருக்கும். அவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. குரலை மட்டும் தெரியும். 'தராசு மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பழுது பார்ப்பது கணவர். கை பேசும், வாய் பேசாது. "எங்க ரெண்டு பேரையும் கூட்டினாத்தான் ஒரு ஆள் கணக்கு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கூடமாட வேலை பார்த்தவர் கணவரின் தம்பி. அண்ணன் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர்.

அந்த வருடம் நடுவில், ஒரு புதன்கிழமை, கணவர் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சரிந்தார். கையில் திருப்புளி இருந்தது. தம்பி தாங்கிப் பிடித்தார். மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நான்கு மாதம் அவள் பட்டறைப் பக்கமே போகவில்லை. ஐந்தாவது மாதம் போனாள். சீசன் வந்துவிட்டது; வழக்கம்போல மேலாளர்களுக்கு விடுமுறை வாழ்த்து அனுப்பித் தேதி கேட்க வேண்டும்.

"இந்த வருஷமாவது சும்மா இரேன்டி" என்றாள் அக்கா. "வீடு இருக்கிற நிலைமையில உனக்கு வாழ்த்துச் சொல்றது ஒரு கேடா? ஊர் என்ன பேசும்?"

"ஊரா வந்து எனக்கு எடை மிஷின் கொடுக்கப் போகுது?" என்றாள் அவள்.

அக்கா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவளும் சண்டைக்கு நிற்கிற மனநிலையில் இல்லை. மேசை முன் உட்கார்ந்து, போன வருடம் அனுப்பிய வாழ்த்துச் செய்தியை எடுத்து, தேதிகளை மட்டும் மாற்றி, பத்தொன்பது பேருக்கும் அனுப்பிவிட்டு எழுந்தாள். படித்துப் பார்க்கத் தெம்பில்லை.

பதிலே இல்லை.

வழக்கமாக அன்று மாலைக்குள் ஆறேழு பேராவது தேதி சொல்லிவிடுவார்கள். இந்த முறை எல்லோரும் படித்ததற்கு அடையாளம் இருந்தது, எழுத்துதான் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சோப்பு ஆலைக்காரர் மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி போட்டார். மாவு ஆலைக்காரர் போனை எடுத்து, குரலைக் கேட்டதும், "சிக்னல் சரியில்ல மேடம்" என்று தெளிவாகச் சொல்லி வைத்தார். பிஸ்கட் ஆலை மேலாளர் எடுக்கவே இல்லை. பட்டறையின் பெரிய வாடிக்கை அதுதான். அங்கே மட்டும் நாற்பத்தொரு இயந்திரம்.

இதற்கிடையில் எடை இயந்திரம் பழுது பார்க்கும் பெரிய கம்பெனி ஒன்று களத்தில் இறங்கியிருந்தது. மேலாளர்கள் மேசைக்கெல்லாம் ரிப்பன் கட்டிய கூடைகள் போயிருந்தன. கூடையில் முந்திரி, சாக்லெட், தோல் அட்டை போட்ட டைரி. அதே கம்பெனி தம்பியையும் வேலைக்குக் கேட்டிருந்தது.

தம்பி ஒளிக்காமல் வந்து சொன்னார். "அண்ணி, எனக்குப் போகணும்னு ஆசை இல்ல. ஆனா இந்த வாரம் காலியாப் போச்சுன்னா பட்டறையை எப்படி ஓட்டுறது? பாதி வருஷம் ஓடுறதே இந்த வாரத்தாலதானே?"

"எப்ப பதில் சொல்லணும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள."

அன்று திங்கள்.

செவ்வாய்க்கிழமை பெயின்ட் கிடங்கைக் கூப்பிட்டாள். மேலாளருக்குப் பதில் ஸ்டோர் கீப்பர் எடுத்தார். சூதுவாது தெரியாத மனிதர்.

"மேடம்... நல்லா இருக்கீங்களா? இல்ல, எப்படி இருக்கீங்க? ஐயோ, என்ன கேக்கிறதுன்னே தெரியலையே."

"சும்மா கேளுங்க. என்ன விஷயம்?"

"நீங்க அனுப்பின மெசேஜைத்தான் நாங்க எல்லாரும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருக்கோம். சார் போனது எங்களுக்குத் தெரியும் மேடம். தெரிஞ்சும் ஒரு வார்த்தை விசாரிக்கல, தப்புதான். இப்ப இது வேற வந்திருக்கு. இதுக்கு என்ன பதில் போடுறதுன்னு மேனேஜர் தலையில கை வச்சு உட்கார்ந்திருக்கார்."

அவள் போனை வைத்துவிட்டு, தான் அனுப்பியதை முதல்முறையாகப் படித்தாள். விடுமுறை இனிதாக அமையட்டும் என்று தொடங்கியது. தேதிகள் சரியாக இருந்தன. கடைசி வரி: 'வழக்கம்போல என் கணவரே நேரில் வந்து உங்கள் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார்.'

நோட்டை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். தம்பி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"கூடைக்காரங்க பக்கம் சாய்ஞ்சுட்டாங்கன்னு நினைச்சு நான் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள் கடைசியில். "பாவம், அவங்க என்னைப் பார்த்துப் பயந்து ஒளிஞ்சிருக்காங்க."

"எல்லாரையும் நேர்ல போய்ப் பாத்துட்டு வரட்டுமா அண்ணி?"

"நீங்க போனா பேசிப் பேசியே அவங்களை அழ வச்சிருவீங்க. இருங்க."

காலை பதினொரு மணிக்கு எழுத உட்கார்ந்தவள் மதியம் ஒன்றரை மணிக்கு முடித்தாள். நான்கு முறை அடித்து எழுதியதில் மிஞ்சியது இவ்வளவுதான்:

'போன வாரம் நான் அனுப்பிய செய்தியில் பழைய வரி ஒன்று தங்கிவிட்டது. மன்னிக்கவும். என் கணவர் இப்போது இல்லை. அவரோடு பதினாறு வருடம் வேலை செய்த அவர் தம்பி இந்த வருடம் வருவார். வேலை அதே வேலை, எடைக்கல் அதே எடைக்கல். ஒரே வித்தியாசம், இவர் கொஞ்சம் பேசுவார். எங்கள் வீட்டு விஷயமாக நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி என்று மட்டும் சொன்னால் போதும்.'

"கொஞ்சம் பேசுவாரா? என் மானத்தை வாங்கிட்டீங்களே அண்ணி" என்றார் தம்பி.

"கொஞ்சம்னு போட்டதே சலுகை."

அனுப்பிய ஐந்தாவது நிமிடம் மாவு ஆலைக்காரருக்குச் சிக்னல் கிடைத்தது. '26, காலை 8' என்று போட்டிருந்தார். பிறகு சோப்பு, பெயின்ட், நூல் கிடங்கு. வெறும் எண்களாக வந்துகொண்டிருந்தன. கேட்டது அதைத்தான். ஆனால் ஒருவர் தேதியைப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து, 'எங்க எடை மேடையை அவர் துடைச்ச மாதிரி யாரும் துடைச்சதில்ல' என்று இன்னொரு வரி சேர்த்தார். அதைப் படித்த பிறகு அவள் கொஞ்ச நேரம் பின்கட்டில் நின்றுவிட்டு வந்தாள்.

வியாழன் முடிய பதின்மூன்று பேர் தேதி சொல்லியிருந்தார்கள். ஐந்து பேர் உண்மையிலேயே கூடைக்காரர்களிடம் போய்விட்டார்கள். பிஸ்கட் ஆலையிடமிருந்து மட்டும் ஆம் இல்லை எதுவும் வரவில்லை. அந்த நாற்பத்தொரு இயந்திரம் இல்லாமல் மற்ற எல்லாம் சேர்ந்தாலும் கட்டுப்படியாகாது.

வெள்ளிக்கிழமை காலை தம்பி கூடைக் கம்பெனிக்குப் போகச் சட்டையை மாற்றிக்கொண்டு, மாற்றியதை மறைக்கப் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மேடம்." பிஸ்கட் ஆலை மேலாளரின் குரல். அவளுக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லாத குரல். அவரும் கணவரைப் போல ஒற்றைச் சொல் ஆசாமி.

"சொல்லுங்க சார்."

வெகுநேரம் சத்தமில்லை. வைத்துவிட்டாரோ என்று பார்த்தாள். வைக்கவில்லை.

"எதுவும் சொல்ல வேண்டாம்னு எழுதியிருந்தீங்க."

"ஆமா சார்."

"அதனாலதான் போன் பண்ணத் தைரியம் வந்துச்சு. இருபத்தேழு, ஏழு மணி." பிறகு, "நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு சார்? எனக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புறதுன்னே தெரியாதே."

"பரவாயில்ல. வாங்க."

அவள் தன்னைப் பார்த்துச் சரியென்று தலையை ஆட்டியதுமே தம்பி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூடைக் கம்பெனிக்குச் செய்தி அனுப்ப வெளியே போனார்.

இருபத்தேழாம் தேதி, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் தன் நீள நோட்டோடு ஓர் ஆலைக்குள் போனாள். ஆளில்லாத கூடத்தில் பெல்ட்டுகள் அசையாமல் கிடந்தன. வெண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை. தம்பி தரையில் மல்லாந்து படுத்து, இயந்திரத்துக்கு அடியில் கையை விட்டுக்கொண்டு, அதனோடு பேசிக்கொண்டிருந்தார். மேலாளர் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு பெட்டிமேல் தானும் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வந்தா இப்படித்தான் உட்கார்ந்திருப்போம்" என்றார் பிறகு. "வருஷம் பூரா எல்லாரும் என்கிட்ட கத்துவாங்க. அவர் வர்ற அந்த ஒரு நாள்..." முடிக்கவில்லை. கீழே கிடந்த தம்பியின் கால்களைப் பார்த்தார். "இவர் எப்பவுமே இப்படியா?"

"தூங்கும்போது நிறுத்திடுவார்" என்றாள் அவள்.

மேலாளர் தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியபோது, அவர் எழுந்து போகவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வேறு பக்கம் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

சற்றுக் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஒரு தேதி போட்டு வச்சுக்கலாமா?"

"இந்த வருஷமே இன்னும் முடியலையே மேடம்."

"இந்த லீவு நாளை விட்டா உங்களை எப்ப சார் பிடிக்க முடியும்?"

அவர் அவள் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவி ஒரு பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.