அண்ணன் ஊர் வந்து சேரும்வரை

தொலைக்காட்சிச் செய்தி சேகரிக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பல ஆண்டுகள் செய்தியாளராக அலைந்துவிட்டு இதற்கு வந்தேன். மாணவர்கள் என்னைச் சிடுமூஞ்சி என்கிறார்கள். அது என் காதில் விழுவதில்லை என்று அவர்களுக்கு நினைப்பு. துக்கத்தில் இருப்பவரிடம் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை. எரிகிற வீட்டில் பிடுங்குகிற கூட்டத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதைக் கற்றுக்கொடுக்க எனக்குச் சம்பளம் தேவையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா கடைத்தெருவில் பயிற்சி. புக்கிட் மேராவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி தீபாவளிக் கூட்டத்தைப் பற்றிச் செய்தி தயாரிக்க வந்திருந்தாள். படம் பிடிக்கக் கைப்பேசி, கையில் மைக். மைக்கின் கழுத்தில் 'செய்தி' என்று பெரிதாக எழுதிய சிவப்புப் பெட்டி. நான் பின்னால் புழுங்கிக்கொண்டே நடந்தேன்.

ஒரு துணிக்கடை வாசலில், நடுத்தர வயது வெளிநாட்டு ஊழியர் ஒருவர் புது வேட்டி, சட்டை இருந்த பையை மார்போடு அணைத்தபடி அழுதுகொண்டிருந்தார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போய்ப் பேசு. போனை மொதல்ல பைக்குள்ள போடு" என்றேன்.

போட்டாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதுவும் கேட்கவில்லை.

"கூட்டாளிக்கு எடுத்தேன் தங்கச்சி" என்றார் அவர். "முந்தாநாள் துவாஸ் வேலையிடத்துல சாரம் சரிஞ்சிருச்சு. உடம்பு கைக்கு வந்ததும் புதுசு உடுத்தித்தான் ஊருக்கு அனுப்பணும்."

இறந்தவரும் இவரும் ஒரே தங்குவிடுதி, ஒரே அறை. 'வேலையிட விபத்தில் ஊழியர் மாண்டார்' என்ற வரியை நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இரவுச் செய்தியில் அதற்கு ஒரு மூச்சு நேரம்தான். எழுதிய கையை வெட்டினாலும் தகும் என்று அன்றைக்குத் தோன்றியது.

"பேர் வேணாம், மொகமும் வேணாம் அண்ணே. பையப் புடிச்சிருக்கிற கைய மட்டும் படம் எடுத்துக்கறேன். இது கிளாஸ் அசைன்மென்ட்தான் லா, வெளிய போகாது" என்றாள்.

அவர் யோசித்தார். "ஊர்ல அவன் பொண்டாட்டிக்கு இன்னும் தெரியாதும்மா. கால்ல அடி, ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொல்லி வச்சிருக்கோம். அவ அண்ணன் திருப்பூர்லேருந்து பஸ்ல போய்க்கிட்டிருக்காரு. அவரு பக்கத்துல போய் உக்காந்துதான் சொல்லணும். தனியா கேட்டா தாங்க மாட்டா."

"அப்படின்னா இப்ப எதுவும் எடுக்க வேணாம் அண்ணே" என்று அவளே சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வகுப்பில் தொண்டை வறளக் கத்தியதெல்லாம் வீணாகவில்லை.

அப்போது அவர் கைப்பேசி ஒலித்தது. வீடியோ அழைப்பு, இறந்தவரின் மனைவிதான்.

"காலையிலேருந்து கூப்பிடுறா. எடுக்கலேன்னா சந்தேகப்படுவா" என்றவர், சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"அண்ணே, அவரு முழிச்சாரா?"

"மாத்திரை குடுத்திருக்காங்கம்மா, தூங்குறான். கால்லதானே அடி, சரியாயிரும்."

திரையில் அவள் பார்வை அவரைத் தாண்டிப் போனது. அவர் தோளுக்குப் பின்னால் என் மாணவி நின்றிருந்தாள், கையில் அந்த மைக்கோடு. சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைத்ததும்தான் அது திரையில் தெரிந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது.

"பின்னாடி நிக்கிறது யாருண்ணே? டிவிக்காரங்களா?"

"இல்லம்மா, இது..."

"கால் ஒடைஞ்சதுக்கெல்லாம் டிவிக்காரங்க வருவாங்களாண்ணே?"

அவர் மாணவியை மறைத்தபடி நகர்ந்து நின்றார்.

"போனை அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க." அவர் கைப்பேசியை மாணவி பக்கம் திருப்பினார். சமையல் வேலையைப் பாதியில் விட்டு வந்த முகம். நெற்றியில் வியர்வை, பெரிய குங்குமப் பொட்டு. "தங்கச்சி, நீ செய்தி சொல்ற பொண்ணுதானே? நீ பொய் சொல்ல மாட்டேல்ல? அவருக்கு என்ன ஆச்சு?"

மாணவி என்னைப் பார்த்தாள். தெரிந்ததைச் சொல், தெரியாததைச் சொல்லாதே, பொய் மட்டும் சொல்லாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அந்த நண்பர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவள் பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. தன் அக்காவிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"அக்கா, பக்கத்துல யாராச்சும் பெரியவங்க இருக்காங்களா?"

நம் வீடுகளில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"பிள்ளைங்கதான் இருக்காங்க" என்றாள் அந்த மனைவி, மிக மெதுவாக. பிறகு திரையில் அவள் முகம் இல்லை. கூரையும், சுற்றும் மின்விசிறியும் தெரிந்தன. அலறல் கேட்டது. அதற்குள்ளிருந்து ஒரு குழந்தை, "அம்மா, என்னம்மா? அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அழைப்பைத் துண்டிக்க எங்கள் மூவரில் யாருக்கும் கை வரவில்லை.