‘பார்க்கலாம்’ என்று சொல்கிற வேலை

எங்கள் தொழிலுக்கு எங்கள் ஊரில் ‘கரன்ட் வைக்கிறது’ என்று பேர். நான் படித்தது பிசியோதெரபி என்கிற உடற்பயிற்சி வைத்தியம். ஆனால் திருவண்ணாமலையில் ஒரு மிஷினையாவது உடம்பில் ஒட்டாவிட்டால் யாரும் அதை வைத்தியமாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘எப்ப சரியாகும்?’ என்ற கேள்விக்கு ‘பார்க்கலாம்’ என்று சொல்லியே காலம் தள்ளும் சக பாவிகளுக்கு என் கஷ்டம் புரியும்.

ஏழுமலை கதை தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. ரமணாசிரமம் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் மாமனாரின் புளியமரத்தில் ஏறி உலுக்கியபோது புளியோடு அவரும் விழுந்தார். தண்டுவடத்தில் அடி; இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கடை இடத்துக்காரரோ, கார்த்திகை தீபத்துக்குள் திறக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

துரு

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டருக்கு விளக்கிச் சொல்வதில் ஆசை ஜாஸ்தி. “அடிபட்டு அசையாமக் கிடந்தா, நாம இழுக்கிற ஆக்ஸிஜனே உடம்ப அரிக்கும், இரும்புல துரு மாதிரி. தினமும் அளவா கைப்பயிற்சி செஞ்சா உடம்பே அதைத் தடுக்கப் பழகிடும்” என்றார். ஏழுமலை பயபக்தியோடு தலையாட்டினார்.

மறுநாள் வார்டு வாசலிலேயே நெடி அடித்தது. அவர் மனைவி செல்வி, தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் பூசி வைத்திருந்தார். பயிற்சிக்காக நான் பிடித்த கால் வழுக்கிக்கொண்டு போனது. ஏழுமலை சொன்னார்: “துருன்னா எண்ணெய்தானே சார் போடணும்? இருபது வருஷமா இதானே என் தொழிலு!”

அளவு

பழைய சைக்கிளின் பெடலை மட்டும் வெட்டி, மேஜைமேல் வைத்துக் கையால் சுற்றுகிற மாதிரி ஒரு சாமான் செய்தோம். அளவு சொன்னது ஏழுமலை. வெல்டிங் கடைக்கு அலைந்தது செல்வி. காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம் என்று சொல்லியிருந்தேன். இடத்துக்காரர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஏழுமலை நாலு மணி நேரம் சுற்றினார்.

இரண்டு தோளும் வீங்கி, டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. பழகாத உடம்பை ஒரேயடியாகப் போட்டு வாட்டினாலும் துரு ஏறும் என்று டாக்டர் திட்டினார். என் பங்குக்கு நானும் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “சும்மா கெடந்தாலும் துரு, ஜாஸ்தி சுத்துனாலும் துரு. இந்த உடம்ப வாடகைக்கு விட்டா ஒருத்தன்கூட எடுக்கமாட்டான் சார்.”

மேஸ்திரி

தோள் ஆறியபின் அளவோடு சுற்றினார். கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறுகிற அளவுக்குத் தெம்பு வந்தது. தினமும் “எப்ப சார் நடப்பேன்?” என்பார். “பார்க்கலாம்” என்பேன். முதல் நாள் எக்ஸ்ரேயிலேயே எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் தைரியமில்லை.

தீபத்துக்கு மூன்று வாரம் இருந்தது. செல்வியை டீ வாங்க அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தார். “நடப்பேனா மாட்டேனான்னு இன்னைக்கு சொல்லிடுங்க சார். மாட்டேன்னா கடைப் படிய இடிச்சுட்டு சரிவா போடணும். மேஸ்திரி காத்துட்டிருக்கான்.”

திறப்பு

சொன்னேன். என் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. அவர் அழவில்லை. நான்தான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தீபத்துக்கு நாலு நாள் முன்னால் கடை திறந்தது. புதுச் சிமெண்ட் சரிவில் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினார். முதல் போணி நானாக இருக்கட்டுமே என்று என் சைக்கிளை ரிப்பேருக்கு உருட்டிக்கொண்டு போனேன். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார், செயின் கிறீச்சிட்டது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“எப்ப சரியாகும் ஏழுமலை?” என்று கேட்டேன்.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பார்க்கலாம் சார்.”

அது எவ்வளவு பொல்லாத வார்த்தை என்பது, சைக்கிள் இல்லாமல் மூன்று நாள் நடந்தே வேலைக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது.