கம்ப்யூட்டரைத் தறி மாதிரி நிறுத்திய நாள்

விசைத்தறியில் நூல் அறுந்தால் உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தால் அதற்குள் இரண்டு விரற்கடை துணி கெட்டுவிடும். அம்மையார்குப்பத்தில் பதினெட்டு வருடம் தறி ஓட்டி என் கை அப்படியே பழகிவிட்டது.

தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு பெட்டி உண்டு, பிள்ளைகளே. ஓட்டை போட்ட அட்டைகள் அதில் மாலை மாதிரி தொங்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் நூல் மேலே ஏறும், இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். அதிலேயே புடவைக் கரையில் மயில் வந்துவிடும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்குமாம். அதற்கும் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் வேலை சொன்னார்களாம். இதைக் கேட்ட பிறகுதான் அது ஏதோ நம் வீட்டுச் சாமான் என்று எனக்குத் தைரியம் வந்தது.

முதுகு வலியால் தறியில் நிற்க முடியாமல் போனபோது, என் அக்கா வீட்டுக்காரர் என்னைத் திருத்தணிக்கு அழைத்துக்கொண்டார். பாவா என்று கூப்பிடுவேன். கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறவர். முன்பு கிராஃப் தாளில் பென்சிலால் நிரப்பிய கட்டங்களை அங்கே மௌஸால் நிரப்ப வேண்டும். என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை, ஒரு கல்யாணப் புடவைக்கு மயில் கரை. நான்கு நாள் உட்கார்ந்து நிரப்பினேன். ஐந்தாம் நாள் காலை அதை வைத்து ஜக்கார்டு அட்டை வெட்டியாக வேண்டும்; தறி காலியாகக் காத்திருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் பாவா சாப்பிடப் போயிருந்தார். தோகையை நிரப்பிக்கொண்டிருந்தேன். திரை நடுவில் சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது. உள்ளே ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டுவதற்குள் கை சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டது.

திரை இருண்ட பிறகுதான் மயில் ஞாபகம் வந்தது. தறியாக இருந்தால் கெட்ட துணியாவது கையில் மிஞ்சும்.

பாவா வந்தார்.

"இன்னா மச்சான், கரண்டு பூட்ச்சா?"

"இல்ல பாவா, நான்தான் நிறுத்திட்டேன். செவப்பா ஒண்ணு வந்துச்சி. நூல் அறுந்தா மாதிரி இருந்துச்சி."

"கம்ப்யூட்டர்ல எந்த நூலுப்பா அறுந்துச்சி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மயிலு பூடுச்சா பாவா?" என்றேன்.

அவர் சுவிட்சைப் போட்டார். அது உயிர் வந்து திறப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து திறக்கட்டுமா என்று அதுவே கேட்டதாம். பாவா ஆகட்டும் என்று அழுத்தினார். மயில் வந்து நின்றது. தோகையில் கடைசி மூன்று வரிசை மட்டும்தான் காணவில்லை.

"செவப்புப் பொட்டி அப்பப்ப வரும், மூடிட்டா போதும். போட்டத பத்து நிமிசத்துக்கு ஒருவாட்டி அதுவே எட்த்து வெச்சிகினு இருக்கும்."

"எங்க வெச்சிக்கும்?"

"உள்ள."

அந்த 'உள்ளே' எங்கே என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. நாமாகவே எடுத்து வைக்கவும் ஒரு பட்டன் உண்டு என்று காட்டினார். போன மூன்று வரிசையையும் மீதித் தோகையையும் சாயங்காலத்துக்குள் முடித்தேன். ஐந்து கட்டத்துக்கு ஒரு தரம் அதை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"போதும் மச்சான்," என்றார் பாவா. "பட்டன் தேஞ்சிடப் போவுது. காலையில அட்டை வெட்டணும், வூட்டுக்குப் போ."