கடைவாயில் கிரீன் டீ

என் வீட்டுக்காரரின் கீழ்க் கடைவாயில், கன்னத்தின் உள்பக்கம், மொச்சைக்கொட்டை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். தம்பாக்கை, அந்த வாய்ப் புகையிலையை, இன்றோடு விடு, ஒரு மாதம் கழித்து வா, திட்டு அப்படியே இருந்தால் சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பணும் என்று இந்தியில் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

இருபது வருஷப் பழக்கம். செம்பூரில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். சிக்னல் விழுவதற்குள் இடது உள்ளங்கையில் தம்பாக்கைக் கொட்டி, சுண்ணாம்பு தொட்டு, பெருவிரலால் தேய்த்து, இரண்டு தட்டுத் தட்டி உதட்டுக்குள் ஒதுக்கிவிடுவார். அதை விட்ட முதல் மூன்று நாள் வீட்டில் மனுஷராக இல்லை. குழம்பில் உப்பு இல்லை என்பார், ஃபேன் சத்தம் போடுகிறது என்பார். நாலாம் நாள் சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தைப் பார்த்தேன். கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டீவியை அணைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் பை தைக்கிற பட்டறையில் என்கூட வேலை பார்க்கிற பெண் போனில் ஒரு வீடியோ காட்டினாள். வெளிநாட்டில் தம்பாக்குக்குப் பதிலாக கிரீன் டீயை உதட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்களாம். எனக்கு மோட்சமே கிடைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே எங்கள் சந்து முனைக் கடையில் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுத்த இலையை வாங்கிவந்தேன். கிளிப்பச்சை நிறம். கிரீன் டீ என்றால் பச்சையாகத்தானே இருக்கும்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் நாளே இவர் அதை உள்ளங்கையில் கொட்டி, பழக்க தோஷத்தில் சுண்ணாம்பு தொட்டுத் தேய்த்து வாயில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் ஈறு வெந்துபோய் வந்து நின்றார்.

“டீ எலைக்குப் போயி யாராவது சுண்ணாம்பு வைப்பாவளா? கூறு இருக்கா உங்களுக்கு?”

“கை தானாப் போச்சுட்டி. நான் என்ன செய்ய?” என்றார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

ஈறு ஆறுகிறவரை காத்திருந்தேன். கொட்டித் தேய்க்க வழியே இருக்கக் கூடாது என்று பட்டறையில் மிஷினில் உட்கார்ந்தேன். நான் பைக்குள் லைனிங் தைக்கிறவள். புது மல் துணியை வெந்நீரில் அலசிக் காயவைத்து, சுண்டுவிரலில் பாதி நீளத்துக்குக் குட்டிக் குட்டித் தலையணைகளாக வெட்டி, உள்ளே இலையை அடைத்து நாலு பக்கமும் தைத்தேன். தினமும் ஆறு, ஒரு டப்பாவில். ஒன்று சப்பென்று ஆனதும் துப்பிவிட்டு அடுத்தது. அதைப் பழகிக்கொண்டார். பொட்டலம் போன இடம் தெரியவில்லை. பட்டறையில் நான் பீற்றிக்கொண்டதற்கு அளவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போது, வாளிக்குப் பக்கத்தில் அவர் துப்பிப்போட்டிருந்த ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். டீக்கறை துணியில் மஞ்சளும் பழுப்புமாகத்தான் பிடிக்கும். இது பச்சையாக இருந்தது. சோப்புப் போட்டுக் கசக்கினேன். கை பச்சையானதே தவிர துணி வெளுக்கவில்லை. எத்தனை வருஷமாக லைனிங் துணி பார்க்கிறேன், சாயம் போகிற துணி எனக்குத் தெரியாதா? ஏசுவே! இலைக்கே சாயம் ஏற்றியிருக்கிறார்கள், அதை என் கையாலேயே தைத்து அவர் வாயில் வைத்திருக்கிறேன்.

கடைக்காரனிடம் ஓடினேன். எங்கிருந்து வருகிறது என்றால், மார்க்கெட்டிலிருந்து என்றான். மார்க்கெட்டுக்கு எங்கிருந்து? “பீச்சே சே” என்று கையைப் பின்னால் காட்டினான். பின்னால் அவன் கடைச் சுவர்தான் இருந்தது.

மறுநாள் காலை டப்பாவில் எப்போதும் போல ஆறு வைத்தேன். ஆமாம், வைத்தேன். இதை நிறுத்தினால் மத்தியானமே பொட்டலத்துக்குப் போய்விடுவார் என்று பயம். சாயமா தம்பாக்கா என்று தராசில் நிறுத்துக்கொண்டே மூடியை அழுத்தினேன். அன்று தைத்ததெல்லாம் கோணல்.

பாதி நாள் லீவு சொல்லிவிட்டு சயானில் ரயில் ஏறி மாட்டுங்காவில் இறங்கினேன். காப்பிப்பொடியும் டீயும் விற்கிற பழைய தமிழ்க்காரர் கடை. அங்கே இருந்த பெரியவர் நான் கொண்டுபோன இலையை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தூவினார். பொட்டுப் பொட்டாகப் பச்சை இறங்கியது. அவர் கடை இலையைத் தூவினார், பச்சை இல்லை. அப்பாடா என்று, அதில் கால் கிலோ போடுங்கள் என்றேன். எதற்கென்று கேட்டார். சொன்னேன்.

“வேண்டாம்மா. இதைக் கொதிக்கிற தண்ணில போட்டு, வடிகட்டி, இலையைத் தூரப் போடறதுக்குன்னு விக்கறேன். தோட்டத்துல என்ன மருந்து அடிச்சான், எந்த மண்ணுல வளர்ந்ததுன்னு எனக்கே பாதிதான் தெரியும். நாள் பூரா வாயில ஊற வச்சு ஜலத்தை முழுங்கறதுக்கு நான் எப்படிப் பொறுப்பு ஏத்துக்கறது?”

வாங்காமல் திரும்பினேன். ரயிலில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. இன்று சொல்லிவிடலாம், இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தே இன்னும் இரண்டு காலை டப்பாவை நிரப்பினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொன்னாள். நான் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். திட்டு கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, ஆனால் முழுசாகப் போகவில்லை என்றாள். பிறகு, “இது என்ன, ஈறெல்லாம் பச்சை?” என்று கேட்டாள்.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன்: வீடியோ, சாக்கு, சாயம், தெரிந்த பிறகும் மூன்று நாள் வைத்தது. அழுகையும் வந்துவிட்டது. இவர் பக்கம் திரும்பினேன். “தெரிஞ்சேதான் வச்சேன். நிறுத்துனா அந்தச் சனியனுக்கே போயிருவியன்னு பயம்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வாரமா நான் துப்புதது பச்சையாத்தாம்ட்டி இருக்கு. சொன்னா நீ நிறுத்திருவ. நிறுத்திட்டா நான் அதுக்குப் போயிருவேன்னு எனக்கும் பயம்.”

டாக்டரம்மா இரண்டு பேரையும் சேர்த்து வைத்துத் திட்டினாள். அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம், வாயில் ஒன்றுமே வைக்காதே, கீழ்மாடியில் இந்தப் பழக்கத்தை விடுவதற்கென்றே ஒரு அறை இருக்கிறது, அங்கே போ, அடுத்த மாதம் திரும்பப் பார்க்கலாம் என்றாள். டப்பாவை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டேன்.

கீழ்மாடி அறைக்கு வெளியே நீளமான வரிசை. பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருடைய வலது பெருவிரல் வெறும் இடது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. அந்தக் கைக்குள் என் கையை மலர்த்தி வைத்தேன். பெருவிரல் நிற்கவில்லை, என் உள்ளங்கையைத் தேய்க்க ஆரம்பித்தது.

“சுண்ணாம்பு ஒண்ணுதான் குறைச்சல்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். வரிசை நகர்ந்தது, எழுந்து நடந்தோம். அவர் என் கையை விடவில்லை.