ரீ என்றால் மறுகா

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஆர், ஈ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் சொற்களையே பேசினார்கள். றிலீஃப் என்றார்கள், அது நிவாரணம். றெஃபியூஜி என்றார்கள், அது நாங்கள். றிப்பேர், றிட்டர்ன், றீபில்ட். எங்களைப் பற்றிச் சொல்ல இவர்களிடம் வேறு எழுத்தே இல்லையா என்று எனக்கு எரிச்சல் வரும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டாரோடு முகாமில் இருந்த என்னை, இங்கிலீசு தெரிந்த பிள்ளை என்று பிடித்து, பெண்களுக்கு வகுப்பெடுக்க விட்டார்கள். பாடசாலைக் கட்டடம்தான் முகாம், ஆகவே கரும்பலகைக்குப் பஞ்சமில்லை. முதல் நாளே பலகையில் 'ரீ – மீண்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டேன். றீபில்ட் என்றால் மீண்டும் கட்டுதல், றிட்டர்ன் என்றால் மீண்டும் வருதல் என்று பெரிய பண்டிதர் மாதிரி விளக்கினேன்.

"மீண்டும் எண்டு ஆருகா கதைக்கிறது? மறுகா எண்டு போடு புள்ள," என்றார் முன்வாங்கில் இருந்த மாமி.

மறுகா எங்கள் ஊர்ச் சொல். பிறகு என்பதற்கும் அதுதான், திரும்பவும் என்பதற்கும் அதுதான். யாழ்ப்பாணத்தார் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மீண்டும் என்பதை அழித்துவிட்டு மறுகா என்று எழுதினேன். வகுப்பு களைகட்டிவிட்டது. மறுகா கட்டுறது, மறுகா வாறது. "அப்ப றெஃபியூஜி எண்டா?" என்று ஒருத்தி கேட்க, "மறுகா ஓடுறது," என்றாள் இன்னொருத்தி. போரில் ஏற்கெனவே ஓடிக் களைத்தவர்கள்தான் எல்லோரும். வயிறு நோகச் சிரித்தார்கள்.

அப்போதுதான் ஓர் அக்கா பிந்தி வந்து கதவடியில் நின்றார். பலகையில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார். "டீ... மறுகா."

பிழை என்னுடையது. எங்கள் நாட்டில் டீச்சரை ரீச்சர் என்றும், பால் விடாத தேநீரைப் பிளேன்ரீ என்றும் எழுதிவிட்டு 'டீ' என்றே வாசிப்போம். ஆர் ஓசை வேண்டுமென்றால் பெரிய ற போட வேண்டும். அவசரத்தில் நான் சின்ன ர போட்டிருந்தேன். எல்லோரும் திரும்பவும் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. வந்த வழியே போய்விட்டார்.

பின்னேரம் மாமிதான் விஷயத்தைச் சொன்னார். அக்காவும் கணவரும் கடற்கரையில் தேநீர்க் கடை வைத்திருந்தவர்கள். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, "மறுகா ஒண்டு போடு," என்றாராம். சீனி முடிந்திருந்தது. அக்கா சீனி வாங்கச் சந்திக்குப் போனார். திரும்பி வந்தபோது கடையும் இல்லை, கணவரும் இல்லை. அதற்குப் பிறகு அக்கா தேநீர் போடவுமில்லை, குடிக்கவுமில்லை. முகாமில் தேநீர் வாளி வந்தால் எழுந்து போய்விடுவார்.

மறுநாள் பலகையைத் துடைத்துப் பெரிய ற போட்டேன். அக்கா வகுப்புக்கு வந்தார், பிறகு ஒழுங்காக வந்தார், என்னோடு சிரித்துப் பேசவும் செய்தார். ஆனால் கடை போட்டுத் தருகிறோம் என்று வெளிநாட்டுப் பெண் ஒருவர் கேட்டபோது, "வேற என்னத்தையும் செய்யிறன், அது ஏலா," என்று சொல்லிவிட்டார். இவர் இனி அடுப்பை மூட்டவே மாட்டாரா என்று எனக்குக் கவலையாக இருந்தது.

முகாம் கலைந்ததும் அக்கா எங்கள் கடலேரியான வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையில் இருந்த தங்கையிடம் போனார். அங்கே போர் வந்தது. அந்தப் பக்கத்துச் சனம் வாவியைக் கடந்து இக்கரைக்கு ஓடி வந்தபோது கூடாரம் கூடாரமாகத் தேடினேன். அக்காவைக் காணவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று சொல்லவும் ஆளில்லை.

போர் முடிந்ததும் அதே இரண்டு எழுத்தில் புதிய சொற்கள் வந்து இறங்கின. றீசெட்டில்மென்ட், மீள்குடியேற்றம். றீஹபிலிடேஷன், புனர்வாழ்வு. றிலீஸ் என்றால் விடுதலை. அதை மட்டும், பிள்ளைகள் தடுப்பு முகாமில் இருந்த, ஆங்கிலமே தெரியாத தாய்மாரும் சரியாகச் சொன்னார்கள். அந்தக் காலத்தில்தான் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது, அதுவும் அக்கரையில். முணுமுணுத்துக்கொண்டே முதல் நாள் புறப்பட்டேன். 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து இறங்கினால், துறையடியில் ஓர் ஓலைக் கொட்டில். தகரத்தில் நீலப் பெயின்டால் எழுதியிருந்தது: ரீ ஓப்பன்.

சின்ன ர. எழுத்துப் பிழையைக் கண்டால் சும்மா போக எனக்கு வராது. நேரே போய், "றீஓப்பன் எண்டா பெரிய ற எல்லோ போடணும்?" என்றேன்.

அடுப்படியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். அக்கா.

"ரீச்சர் படிப்பிச்சதத்தானே போட்டிரிக்கன்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் நாளைக்கென்று பூசிக்கொண்டு வந்த பவுடரெல்லாம் போயிற்று. அக்கா இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்ரீ தந்தார். தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டார்.

"முதல்ல அடுப்ப மூட்டவே ஏலாம இரிந்த," என்றார். "மறுகா பழகிட்டு."

குடித்து முடித்துக் கிளாஸை வைத்தேன். பாடசாலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"மறுகா ஒண்டு போடட்டா?" என்று கேட்டார் அக்கா. "சீனி நிறைய வாங்கி வெச்சிரிக்கன்."

"போடுங்க," என்றேன். பாடசாலைக்கு முதல் நாளே பிந்தித்தான் போனேன்.