நெவில்ஸ் கிராஸுக்குப் போன ராஜா

காத்தவராயன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலில் ஒவ்வொரு வருஷமும் மெடல்களைக் குத்திக்கொண்டு, கடற்கரையிலுள்ள போர் நினைவுச் சின்னத்துக்கு அணிவகுத்துப் போவார். 1983-இல் இதயம் பலவீனமாகிவிட்டது. வெயிலில் நிற்கவே கூடாது என்றார் டாக்டர்.

பாலிடெக்னிக்கில் படித்த மகள் சொர்ணம், அந்த வருஷ ஜூலை பதினாலு காலையில் அவரைத் தடுக்க ஒரு பழைய போர்க்கதையைச் சொன்னாள். 1346-இல் பிரெஞ்சு ராஜா உதவி கேட்டு எழுத, ஸ்காட்லாந்து ராஜா அவனை நம்பி இங்கிலாந்துக்குள் படையோடு நுழைந்தான். அங்கே நெவில்ஸ் கிராஸ் என்ற இடத்தில் அவன் படை அழிந்தது. அவன் ஆங்கிலேயரிடம் பதினோரு வருஷம் சிறையிருந்தான்.

“அவனக் காப்பாத்த பிரான்ஸ்காரன் வந்தானா நைனா? உனக்கு மட்டும் வந்துடுவானா?”

“கூப்ட்டப்ப அவன் போனான் இல்ல?”

“போனான்.”

“ராஜாவே போயிருக்கான். நா என்ன அவன வுட பெரிய மனுஷனா, வூட்ல குந்தினு இருக்க? கோட்ட எடு.”

சொர்ணம் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். கொடி ஏறுவதற்குள் அவர் வரிசையிலேயே சரிந்து இறந்துபோனார்.

மருந்துச் சீட்டை மட்டும் நீட்டியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டாவது வீட்டில் இருந்திருப்பார். அவள்தான் அவருடைய மானத்தைச் சீண்டி அனுப்பிவைத்தாள்.